இடப்பக்கம் கடல்

கல்யாணமான புதிதில் ரஞ்சித்குமார் கொடுத்த வாக்கு அது. "உன்னக் கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன் செல்வி. பஸ்ஸுல இல்ல, பைக்குல. கரையோரமாவே போறோம்" என்று சொல்லிப் பதினாறு வருஷம் ஆகிவிட்டது. முதலில் மகள் பிறந்தாள், அப்புறம் வீடு கட்டினார்கள், அப்புறம் மகளைப் பெரம்பலூரில் ஹாஸ்டலில் சேர்த்தார்கள். வெற்றிச்செல்வியும் கேட்பதை விட்டுவிட்டாள். இப்போது, அவள் கேட்காத நேரத்தில், அதுவும் கேட்கவே கூடாத நேரத்தில், சித்திரை மாதத்துச் சனிக்கிழமை விடியலில் அவன் பைக்கைத் துடைத்து வாசலில் நிறுத்தி, "கெளம்பு" என்றான்.

"எங்க மாமா?"

"கடலுக்கு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது. திங்கட்கிழமை அவளுக்கு விசாரணை.

என்ன விசாரணை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரியலூரைச் சுற்றி எங்கே தோண்டினாலும் சுண்ணாம்புக்கல். அந்தச் சுரங்கங்களில் ஒன்றில் ரஞ்சித்குமார் டிப்பர் லாரி ஓட்டுகிறான். அதே சுரங்கத்தில் வெற்றிச்செல்வி கொடிக்காரி. கல்லேற்றி வருகிற டிப்பர், கல்லை உடைக்கிற கிரஷர்வரை ரிவர்ஸிலேயே போய்க் கொட்ட வேண்டும். முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று டிரைவருக்குத் தெரியாது. அதற்காக ஓர் ஆள் பக்கவாட்டில் நின்று கொடி காட்ட வேண்டும். கல் உடைபடுகிற இரைச்சலில் விசிலும் கேட்காது, கூப்பாடும் கேட்காது. வலக்கையில் பச்சை, இடக்கையில் சிவப்பு. பச்சையை அசைத்தால் வா, சிவப்பைத் தலைக்கு மேலே தூக்கினால் நில். டிரைவர் கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே வண்டியை எடுப்பார். ஒன்பது வருஷம் அப்படி நின்றிருக்கிறாள். அவள் நின்ற இடத்தில் ஒரு நாய்க்குக்கூட அடிபட்டதில்லை.

மாசி மாதம் ஒரு மத்தியானம் அது நடந்தது. வழக்கமாக நிற்கிற வலப்பக்கம் கல் குவிந்து கிடந்ததால் அன்றைக்கு அவள் இடப்பக்கம் நின்றாள். வந்துகொண்டிருந்தது அவள் புருஷன் வண்டி. தூசி அடங்கத் தண்ணீர் அடிக்கிற கொளஞ்சியப்பன், ஐம்பது வயசு மனுஷர், திருமானூர்க்காரர், எங்கிருந்தோ வந்து வண்டிக்குப் பின்னால் குனிந்து ரப்பர் குழாயைச் சுருட்ட ஆரம்பித்தார். அவள் கையைத் தூக்கினாள். வண்டி நிற்கவில்லை. அலறல் கேட்டு சூப்பர்வைசர் அறிவரசன் திரும்பியபோது இரண்டு கொடிகளும் தரையில் கிடந்தன, அவள் ஓடிக்கொண்டிருந்தாள். கொளஞ்சியப்பனுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

டிரைவரைக் கேட்டார்கள். "பச்ச காட்டுச்சு, வந்தேன்" என்றான் ரஞ்சித்குமார்.

அவளைக் கேட்டார்கள். கையைத் தூக்கினேன் என்றாள். எந்தக் கையை? இடக்கை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் அதற்குள் புருஷன் சொன்னது காதில் விழுந்துவிட்டதே! அவர் எதற்குப் பொய் சொல்லப் போகிறார்? கட்டின பெண்டாட்டியை மாட்டிவிட வேண்டும் என்று அவருக்கு என்ன வந்தது? அவர் பச்சை என்றால் பச்சையாகத்தான் இருக்கும், பதற்றத்தில் கை மாறியிருக்கும். இப்படித்தான் அந்தப் பைத்தியக்காரி தன் கையை நம்பாமல் அவன் கண்ணை நம்பினாள்.

அவளை மட்டும் வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்திவைத்தார்கள். திருச்சி ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனவளைக் கொளஞ்சியப்பன் பெண்டாட்டி புஷ்பவல்லி வாசலிலேயே மறித்தாள். "எம் புருஷன் காலத் தின்னுட்டுப் பாக்க வேற வந்துட்டியா" என்று குனிந்து மண்ணை வாரி அவள் மேல் தூற்றினாள். கொளஞ்சியப்பன் அப்போது நினைவில்லாமல் உள்ளே கிடந்தார். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தின் முகத்தில் விழிக்க அவளுக்குத் தெம்பு இல்லை.

இரண்டரை மாதமாக அவளைத் தின்றது ஒரே கேள்வி. எந்தக் கை? சோறு பிசையும்போது கை நின்றுவிடும். துணி காயப்போடும்போது சும்மாவே ஒரு கையைத் தூக்கிப் பார்ப்பாள், பிறகு இன்னொரு கையை. கையா பேசும்? வருகிற திங்கட்கிழமை வெளியூரிலிருந்து பெரிய அதிகாரிகள் வருகிறார்கள். "பச்சைதான் காட்டினேன், தப்பு என்னுடையது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டியது என்று முடிவு செய்துவிட்டாள். வேலை போவதுகூடப் பெரிதில்லை. ஒரு மனுஷன் காலை எடுத்தவள் நான்தான் என்று தானே எழுதித் தர வேண்டும், அதுதான் பெரிது.

இந்த நிலைமையில் கடல்! வேண்டாம் என்றுதான் சொன்னாள். "நாளைக்கு நாளைக்குன்னு போயிக்கிட்டே இருக்கும் செல்வி. வா, தள்ளிப்போடாத" என்றான் அவன். அவன் குரல் ஒரு மாதிரி இருந்தது. தன்னைத் தேற்றத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்தாள். இவ்வளவு நடந்தும் ஒரு வார்த்தை கடிந்து பேசாத மனுஷன், அவனை எதிர்த்துப் பேச மனசு வரவில்லை. சேலையை மாற்றிக்கொண்டு, ஒரு பையில் தண்ணீர் பாட்டிலும் முகம் துடைக்க ஒரு சிவப்புத் துண்டும் போட்டுக்கொண்டு பின்னால் ஏறினாள்.

வெயில் ஏறுவதற்குள் ஜெயங்கொண்டம் வந்துவிட்டது. ஊருக்குள் நுழைகிற இடத்தில் இடப்பக்கச் சந்திலிருந்து நாலு ஆடுகள் ஓடிவந்தன. ரஞ்சித்குமார் வேகத்தைக் குறைக்கவே இல்லை. "ஆடு! ஆடு!" என்று அவள் அவன் தோளை அடித்தபிறகுதான் பிரேக் பிடித்தான். வண்டி கோணிக்கொண்டு நின்றது. ஆட்டுக்காரர், "எங்கய்யா பாத்துக்கிட்டு வர்றே?" என்று கத்தினார். நியாயமான கேள்விதான். அவன் வண்டியை எடுத்தான். விசாரணை நினைப்பில் வருகிறார் பாவம், எல்லாம் என்னால் என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

காட்டுமன்னார்கோயிலில் டீ குடித்தார்கள். டீக்கடைக்காரர் கிளாஸை அவனுக்கு இடப்பக்கம் பலகையில் வைத்தார். அவன் கையை வீசிக்கொண்டு திரும்பினான், கிளாஸ் கீழே விழுந்து உடைந்தது.

"கண்ணு எங்க இருக்கு மாமா ஒங்களுக்கு?" என்று அவள் கேலியாகத்தான் கேட்டாள். அவன் முகம் சுண்டிப்போனது. இன்னொரு டீ வாங்கிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"செல்வி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

டீயை ஆற்றினான். மறுபடி ஆற்றினான். ஒரு பஸ் வந்து நின்று ஆளை இறக்கிப் போனது. "கடல் தண்ணி ரொம்ப உப்பா இருக்கும். வாயில போட்டுக்காத" என்றான். இதைச் சொல்லவா இவ்வளவு பீடிகை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சிதம்பரம் தாண்டிக் கொள்ளிடம் பாலத்தில் காற்று மாறியது. சீர்காழியிலிருந்து திருவெண்காடு வழியாகப் பூம்புகார். வழியெல்லாம் அறுத்த வயல், வாழை, ஆங்காங்கே பனை. கடைசியில் ஒரு திருப்பத்தில், வீடுகளுக்கு நடுவில், ஒரு நீலம் தெரிந்தது. வானம் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். பிறகு அது அசைந்தது.

மணலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினாள். முப்பத்தைந்து வயசுப் பொம்பளை ஓடலாமா என்றெல்லாம் அவளுக்குத் தோன்றவில்லை. தினமும் கல்லுக்குள் சிப்பியும் நத்தையும் பதிந்திருப்பதைப் பார்த்தவள் அவள். ஒரு காலத்தில் நம்ம ஊரே கடலாக இருந்ததாம் என்று மகள் பாடத்தில் படித்துவிட்டு வந்து சொன்னபோது, போடி பொய்க்காரி என்றவள். இப்போது ஈரமான சிப்பி ஒன்று அவள் காலடியில் கிடந்தது, அதே வரி, அதே வளைவு. குனிந்து எடுத்தாள். கொஞ்ச நேரம் மனசில் எதுவுமே இல்லை, அந்தக் கேள்விகூட இல்லை. அவ்வளவு பெரிய தண்ணீருக்கு முன்னால் நிற்கும்போது அழத் தோன்றியது, அழுதாள்.

திரும்பிப் பார்த்தால் ரஞ்சித்குமார் அசையாமல் நின்றுகொண்டிருந்தான். கோழி ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துப் பார்க்குமே, அதைப்போல முகத்தை இடப்பக்கம் திருப்பி, வலது கண்ணால் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, மெல்ல மெல்ல, மனப்பாடம் செய்கிறவன் மாதிரி பார்த்தான். அவள் பக்கத்தில் போய் நின்றதுகூட அவனுக்குத் தெரியவில்லை. கையைத் தொட்டதும் திடுக்கிட்டான்.

"தரங்கம்பாடி வரைக்கும் கரையோரமாவே ரோடு இருக்கு. போலாமா?" என்றான்.

போனார்கள். அந்த ரோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் சவுக்குத் தோப்பு, இறால் குட்டை, கருவாடு காயப்போட்ட முற்றங்கள். தெற்கே போகிறவனுக்குக் கடல் இடப்பக்கம். தோப்பு விலகும்போதெல்லாம் அது தெரியும், மறையும், மறுபடி தெரியும். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் பெரிய படகுகளெல்லாம் வரிசையாகக் கரையில் இருந்தன. கடலில் ஒரு புள்ளிகூட இல்லை, அவ்வளவு சுத்தமாக இருந்தது. வெற்றிச்செல்விக்கு வாய் ஓயவில்லை.

"மாமா, அந்தப் படகப் பாருங்க, மயிலு படம் போட்டிருக்கு."

"ம், பாத்தேன்."

பார்த்தேன் என்றான். ஆனால் அவன் தலை திரும்பவே இல்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். படகு இடப்பக்கம், அதுவும் பின்னால் போய்விட்டது. வண்டி ஓட்டுகிறவர் கடைக்கண்ணால் பார்த்திருப்பார் என்று விட்டுவிட்டாள். கொஞ்ச தூரம் போனதும் கரையில் பிள்ளைகள் கூட்டமாகப் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். "எவ்வளவு புள்ளைங்க பாருங்க" என்றாள். "ஆமா ஆமா" என்றான், அதற்கும் தலை திரும்பவில்லை.

ஜெயங்கொண்டத்து ஆடு நினைவுக்கு வந்தது. உடைந்த கிளாஸ் நினைவுக்கு வந்தது. மணலில் பக்கத்தில் போய் நின்றும் தெரியாமல் நின்றானே, அவள் நின்றது எந்தப் பக்கம்? இடப்பக்கம். ஏன் அப்படிக் கேட்டாள் என்று அவளுக்கே பிறகு சொல்லத் தெரியவில்லை. கடல் வெறுமையாகக் கிடந்த ஓர் இடத்தில் கையை நீட்டி, "மாமா, கப்பல்! கப்பல் பாத்தீங்களா?" என்றாள்.

"பாத்தேன் பாத்தேன். பெரிய கப்பல்" என்றான் ரஞ்சித்குமார்.

அவள் கை அவன் தோளிலிருந்து தானாக எடுபட்டது. இல்லாத கப்பலைப் பார்த்தேன் என்கிறானே! அதே குரல். கொஞ்சமும் தயங்காத, யாரும் சந்தேகப்பட முடியாத அதே குரல். பச்ச காட்டுச்சு, வந்தேன்.

"நிறுத்துங்க. கால் வலிக்குது" என்றாள்.

சவுக்குத் தோப்பு ஓரத்தில் கரைக்கு இறங்குகிற மணல் தடம் ஒன்று இருந்தது. அதில் வண்டியை விட்டான். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் நிழலில் உட்கார்ந்தார்கள். ஒரு கப்பலை வைத்துப் புருஷன் தலையில் பழி போட்டுவிட முடியுமா? வேடிக்கைக்குச் சொல்லியிருக்கலாம், பெண்டாட்டி மனம் கோணக்கூடாது என்று சொல்லியிருக்கலாம். நிச்சயமாகத் தெரிய வேண்டும். தெரியாமல் செத்துக்கொண்டிருந்தது போதும்.

"போலாம். வண்டியப் பின்னால எடுங்க. நான் நின்னு பாத்துக்கறேன்" என்றாள்.

அவன் வண்டியில் உட்கார்ந்து, இரண்டு காலாலும் மணலை உதைத்து மெல்லப் பின்னுக்குத் தள்ளினான். அவள் பையிலிருந்து சிவப்புத் துண்டை எடுத்தாள். வண்டிக்குப் பின்னால், இடப்பக்கம், சுரங்கத்தில் நின்ற அதே தூரக்கணக்கில் போய் நின்றாள். இடக்கையைத் தலைக்கு மேலே தூக்கினாள். கடற்காற்றில் துண்டு படபடவென்று அடித்தது. கண்ணாடியில் தெரியாமல் இருக்க வழியே இல்லை.

வண்டி வந்தது. மணலில் இடப்பக்கமாகக் கோணி, நிற்காமல் வந்தது. அவள் நகரவில்லை. பின்சக்கரம் அவள் கால்விரல் மேல் ஏறி நின்றது.

"ஏ புள்ள! சொல்ல வேணாமா?" என்று பதறினான்.

"சொன்னேன்."

அவன் உடம்பையே திருப்பிப் பார்த்தான். அவள் கை இன்னும் தலைக்கு மேலேதான் இருந்தது. துண்டைப் பார்த்தான். வண்டியை ஸ்டாண்டு போடக்கூடத் தோன்றாமல் அப்படியே சாய்த்துவிட்டு மணலில் உட்கார்ந்தான்.

"அன்னிக்கு என்ன பாத்தீங்க?" என்று கேட்டாள். அவன் மணலைக் கிளறிக்கொண்டிருந்தான். "மாமா, ஒங்களத்தான் கேக்குறேன். பச்ச பாத்தீங்களா?"

"ஒண்ணுமே பாக்கல செல்வி."

அலை ஒன்று வந்து போனது.

"எதுவுமே தெரியல. நீ அங்க நிக்கிறேன்னு தெரியும். நீ நின்னா சரியாத்தான் இருக்கும்னு வந்துட்டேன். ஒம்போது வருசமா அப்படித்தான வந்தேன்? அவங்க கேட்டப்ப, நான் வந்தேன்னா பச்சையாத்தான இருந்திருக்கணும்னு சொல்லிட்டேன். சத்தியமா அப்ப பொய்னு நெனச்சுச் சொல்லல. பதினஞ்சு நாள் கழிச்சு லைசன்ஸ் புதுப்பிக்கணும்னு பெரம்பலூர்ல கண் டாக்டரப் பாத்தேன். இடது கண்ணு முக்காவாசி போயிடுச்சாம். கண்ணுல பிரஷராம், வலி தெரியாதாம், திரும்ப வராதாம். வலது கண்ணும் ஓரத்துல தொடங்கிடுச்சாம். அன்னிக்குத்தான் எனக்கே வெளங்குச்சு."

"எப்ப?"

"பங்குனி பொறந்து ரெண்டு நாள்ல."

"பங்குனி." அவள் விரல்விட்டு எண்ணவில்லை, எண்ண வேண்டியதும் இல்லை. அந்த நாட்களெல்லாம் அவளுக்கு ஒவ்வொன்றாகத் தெரியும். "நான் சோறு எறங்காமக் கெடந்தேன். எங்கையத் தூக்கித் தூக்கிப் பாத்துக்கிட்டுக் கெடந்தேன். நீ பாத்துக்கிட்டுத்தான இருந்தே?"

பதினாறு வருஷத்தில் அவள் அவனை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவளுக்குமே அது கேட்டது. திருத்திக்கொள்ளவில்லை.

"இங்க வச்சு உங்கிட்ட சொல்லிடணும்னுதான் கூட்டியாந்தேன். கண்ணு இருக்கறப்பவே ஒரு தடவ உன்னோட இதப் பாத்துடணும்னும் இருந்துச்சு. டீக்கடையில வாய் வரைக்கும் வந்துச்சு செல்வி. வேல போயிட்டா என்ன பண்றது, புள்ள படிப்பு என்னாகும்னு பயம்."

"இன்னும் வண்டி ஓட்டிக்கிட்டுத்தான இருக்கே! என் எடத்துல இப்ப யாரு நிக்கிறா தெரியுமா? நம்ம உண்ணாமலைதான் நிக்கிறா. ரெண்டு சின்னப் புள்ளைங்கள வச்சிருக்கா. அவளையும் ஏத்திட்டுப் பச்சன்னு சொல்லுவியா?"

குனிந்து ஒரு பிடி மணலை அள்ளினாள். தூற்றத்தான் அள்ளினாள். கை ஓங்கியும் விட்டது. ஆனால் அது மேலே விழும்போது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். விரலைத் தளர்த்தி மணலைக் கீழே விட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, அடி வாங்கக் காத்திருப்பவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். அவன் மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

துண்டை மடித்துப் பையில் வைத்துவிட்டுக் கேட்டாள். "நீங்க ஒண்ணும் பாக்கல. சரி. அப்ப நான் என்ன காட்டினேன்?"

"நீ செவப்புத்தான் காட்டியிருப்பே."

"இருப்பேனா? குத்துமதிப்பா சொல்றதுதான் வேணாம்னு சொல்றேன். பாத்தது யாரு?"

பார்த்திருக்கக்கூடிய மனுஷர் ஒருவர்தான். வண்டிக்குப் பின்னால் குனிந்திருந்தவர். இரண்டு பேருக்கும் அது தெரிந்தது.

அவள் பைக்கிலிருந்து சாவியை உருவி முந்தானையில் முடிந்துகொண்டாள். "இனி இத நீங்க தொடக்கூடாது. பஸ்ஸுல போறோம். திருமானூர்ல எறங்குறோம்."

"அவங்க வூட்டுக்கா? திங்கக்கெழம ஆபீஸ்ல சொல்லிடறேன் செல்வி. எல்லாத்தையும் சொல்லிடறேன்."

"ஆபீஸ்ல அப்புறம் சொல்லலாம். காலு போனது ஆபீஸுக்கா?"

தோப்பு ஓரத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் வீட்டு முற்றத்தில் பைக்கை நிறுத்திக்கொள்ளச் சம்மதித்தார். மயிலாடுதுறை, கும்பகோணம், திருவையாறு என்று பஸ் மாறி மாறி வந்தார்கள். ஒவ்வொரு பஸ்ஸிலும் அவள் அவனுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தாள், அவன் கண்ணில் படாத பக்கம். கும்பகோணத்தில் அவன் சாப்பிடுகிறாயா என்று கேட்டான். வேண்டாம் என்றாள். மடியில் சிப்பி இருந்தது. அதை உருட்டிக்கொண்டே வந்தாள். கொளஞ்சியப்பன் பச்சை என்று சொல்லிவிட்டால்? அந்தப் பயம், திருமானூருக்கு முன்னால் மறுபடி கொள்ளிடத்தைக் கடக்கப் பாலம் ஏறும்போது வந்தது. புருஷன் கண் குருடு என்பதால் தன் கை சரியாகிவிடுமா என்ன? இறங்கி ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது. திங்கட்கிழமை கையெழுத்துப் போடுவதைவிட இது கஷ்டமாக இருந்தது.

திருமானூரில் இறங்கும்போது பொழுது சாயவில்லை. கரும்பு வயல் ஓரத்துத் தெருவில் விசாரித்துக்கொண்டு போனார்கள். கொளஞ்சியப்பன் தன் வீட்டுக்கு முன்னால் வேப்பமரத்தடியில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஊன்றுகட்டை பக்கத்தில் சாய்த்திருந்தது. கைலி ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்த புஷ்பவல்லி இவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். முறத்திலிருந்த அரிசி கொஞ்சம் சிந்தியது. ஆனால் இந்தத் தடவை மண்ணுக்குக் குனியவில்லை.

வெற்றிச்செல்வி புருஷனுக்கு வலப்பக்கமாக வந்து நின்றாள். அவன் திரும்பி அவளைப் பார்த்தான். "சொல்லுங்க" என்றாள்.

சொன்னான். கண் விஷயத்தைச் சொன்னான், டாக்டர் சொன்னதைச் சொன்னான், பார்க்காமலே பச்சை என்று சொன்னதையும், தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சொன்னான். எதையும் விடவில்லை. நடுவில் ஒரு தடவை குரல் உடைந்தது, நிறுத்தி மறுபடி சொன்னான். கொளஞ்சியப்பன் வேப்பிலை ஒன்றைக் கிள்ளிக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்து, கிள்ளிய இலையைக் கீழே போட்டார். அவளைத்தான் பார்த்தார்.

"நீ ஏம்மா இத்தன நாளா வரல?"

"அண்ணே" என்றாள். "அன்னிக்கு நான் எந்தக் கையத் தூக்கினேன்? நீங்க பாத்தீங்களா? எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க."

"என்னம்மா இப்படிக் கேக்குறே? செவப்புத்தான். நிமுந்து பாத்தேன், தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிருந்தே." அவர் இடக்கையைத் தூக்கிக் காட்டினார். "செவப்பக் காட்டிட்டியேன்னுதான் நான் நகரல. வண்டி நின்னுடும்னு கொழாயச் சுருட்டிக்கிட்டு இருந்தேன்."

அவள் தன் இடக்கையைப் பார்த்தாள்.

"எங்கிட்ட யாரு கேட்டா? ஆபீஸ்லேர்ந்து வந்தாங்க, எழுதி எடுத்துட்டு வந்த பேப்பர்ல கைநாட்டு வாங்கிட்டுப் போனாங்க. வூட்டுக்கு வந்ததும் இவகிட்ட சொன்னேன். பாவம் அந்தப் புள்ள செவப்புத்தான் காட்டுச்சுன்னு. அன்னேலேர்ந்து இவளுக்கும் தூக்கம் இல்ல. உன் மூஞ்சியில எப்படி முழிக்கிறதுன்னு ஒக்காந்திருக்கா. நீயாச்சும் வருவேன்னு பாத்தேன்." கொளஞ்சியப்பன் ஊன்றுகட்டையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "திங்கக்கெழம ஒரு ஆட்டோ சொல்லி என்னக் கூட்டிட்டுப் போங்க. நானே வந்து சொல்றேன்."

வெற்றிச்செல்வி மண்ணில் உட்கார்ந்தாள். வாய்விட்டு அழுதாள். மாசியிலிருந்து அடைத்துக்கொண்டிருந்தது எல்லாம் ஒரே வீச்சில் வெளியே வந்தது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அழுதாள். தன் கை தப்பு செய்யவில்லை என்பதற்கும் அழுதாள், அந்தக் கையை நம்பித்தான் ஒரு மனுஷன் நகராமல் இருந்துவிட்டான் என்பதற்கும் அழுதாள். ரஞ்சித்குமார் நின்ற இடத்திலேயே நின்றான். அவனை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

புஷ்பவல்லி உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அன்றைக்கு மண்ணை வாரிய அதே கையால் நீட்டினாள். வெற்றிச்செல்வி முகத்தைத் துடைத்துக்கொண்டு அதை இடக்கையால் வாங்கினாள். அந்த வீட்டில் யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.